யாரைக் களத்தில் இறக்குவது?

திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி என்றால் பாலாவிக் கரையில் நிற்பதற்கும் இடமிராது. பல திசைகளிலிருந்தும் வந்து கூடும் அடியார்கள் செம்பிலும் குடத்திலும் தீர்த்தம் மொண்டு, வரிசையாக நடந்து சென்று மகாலிங்கத்துக்கு வார்ப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வரிசையில் நானும் என் செம்புடன் நின்றிருந்தேன். பின்னால் நின்ற ஒருவன் என் தோளை மெல்லத் தொட்டான். திரும்பிப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது, உடலும் சற்றுப் பருத்திருந்தது. ஆயினும் அவன் நின்ற நிலையைக் கண்டதும் ஆளை அறிந்துகொண்டேன். எந்நேரமும் ஓடப் புறப்படுகிறவனைப் போல ஒரு குதிகாலை உயர்த்தியபடியே நிற்பது அவன் வழக்கம்.

ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டோம். வரிசை நாலடி நகர்ந்தது. பிறகு அவன் கேட்டான்:

"சேர், அண்டைக்கு ஏன் என்னை இறக்கேல்லை?"

எந்த நாளை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவன் மறக்காத அந்த நாளை நானும் மறந்திருக்கவில்லை.

அக்கேள்விக்கு நான் கூறிய விடையைச் சொல்லுமுன், உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர் யாரை இறக்குவது, யாரை இருத்துவது என்று எவ்வாறு தீர்மானிக்கிறார் என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். இதை வாசிக்கும் மாணவர்களிற் பலர் அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே என்றோ ஒருநாள் காத்திருந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய பெற்றோரும் அந்த வேதனையில் பங்குகொண்டவர்களே.

மன்னார்ப் பகுதி மக்களுக்கு உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. கடற்கரை ஊராயினும் வயலோர ஊராயினும் ஒரு திடலும் இரண்டு கோற்கம்பங்களும் இல்லாத இடத்தைக் காண்பது அரிது. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், கூரை முழுவதும் வேயப்படாத வீடுகளில் மக்கள் குடியிருந்த காலத்திலேயே எங்கள் பிள்ளைகள் திடலைத் துப்புரவாக்கிப் பந்தை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். பாடசாலை ஆசிரியனாக இருந்த என்னைப் பிடித்து, "நீங்கள்தான் சேர் பழக்க வேணும்" என்றார்கள். அப்படித்தான் நான் பயிற்றுநரானேன். மாலையில் ஆலயமணி ஒலிக்கும்போது சைவப் பிள்ளைகள் ஒரு கணம் கண்மூடி நிற்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அவர்களுக்காகப் பந்தைக் காலடியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். மணியோசை ஓய்ந்ததும் ஆட்டம் தொடரும்.

அக்கூட்டத்தில் முன்வரிசையில் ஆடக்கூடியவர் இருவர். ஒருவன் மேலே கூறிய ஓட்டக்காரன். பந்தை அவனுக்கு முன்னால் இருபது முழத் தூரத்தில் போட்டுவிட்டாற் போதும்; எதிரணிக் காவலர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் அதனைப் பிடித்துவிடுவான். மற்றவன் நிதானி. ஓட்டம் அவ்வளவு இல்லை. ஆனால் பந்து அவன் காலடிக்கு வந்துவிட்டால், முதுகை எதிராளிக்குக் காட்டி அதைக் காத்து நிற்பான். தோழர்கள் முன்னேறி வரும்வரை விடமாட்டான். ஊரார் இருவரையும் ஒப்பிட்டு, "ஓட்டக்காரன்தான் கெட்டிக்காரன்" என்று முடிவு கட்டியிருந்தார்கள். பார்வையாளர் கண்ணுக்கு ஓட்டம் தெரியும், நிதானம் தெரியாது.

பயிற்றுநர் பார்ப்பவை வேறு. பந்து காலில் இருக்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். பந்து காலில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்பதைப் பயிற்றுநர் பார்க்கிறார். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எந்த ஆட்டக்காரனிடமும் பந்து மிகச் சில நிமிடங்களே தங்குகிறது. எஞ்சிய நேரத்தில் அவன் வெற்றிடம் தேடி ஓடுகிறானா, இழந்த பந்தை மீட்கப் பின்னால் ஓடிவருகிறானா, அல்லது இடுப்பிற் கைவைத்து நிற்கிறானா என்பதே பெரிய சோதனை. களைத்துப்போன கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் கால்கள் எப்படியிருக்கின்றன, ஒரு பிழை விட்டபின் அவன் முகம் எப்படியிருக்கிறது, எதிரணிக் காவலர் உயரமானவரா, விரைவானவரா என்பவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு மேலாக எங்கள் பகுதியில் நிலமும் காற்றும் உண்டு. காய்ந்த மணலில் ஓட்டக்காரனின் கால் புதையும். மாரியில் சேறு கட்டிய தரையில் பந்து உருளாது நின்றுவிடும். காற்றோ அவற்றிலும் பெரிய வில்லன். வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், கடலையும் வெளியையும் தடையின்றிக் கடந்து வந்து திடலில் மோதும். காற்றுக்கு எதிராக உயர அடித்த பந்து, வானத்தில் ஒருகணம் தயங்கி நின்றுவிட்டு அடித்தவனை நோக்கியே திரும்பும். அந்தப் பக்கம் ஆடும்போது ஓட்டக்காரன் பந்தை முந்திக்கொண்டு ஓடிப்போய் வெறுங்காலுடன் நிற்பான். பந்தைத் தரையோடு வாங்கிக் காத்து நிற்கும் நிதானியே அப்போது தேவை. காற்று நம் முதுகிலிருந்து வீசும் பக்கத்திலோ ஓட்டக்காரனுக்கு நிகர் எவருமில்லை.

எங்கள் விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கட்டுக்கரைக்குளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகே அவர்கள் விதைநெல்லைத் தெரிவார்கள். நீர் குறைவெனில் மூன்று மாதத்தில் விளையும் நெல். நிறைவெனில் நாளெடுத்து விளையும் நெல். களஞ்சியத்தில் இருந்துவிட்ட நெல் கெட்ட நெல்லென்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. இந்தப் போகத்து நீருக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே.

வள்ளுவப் பெருந்தகை இதனை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! ஆளைச் சோதித்து நம்புவதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம். நம்பியவரைத் தக்க வினையில் ஈடுபடுத்துவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று அதனையடுத்து வேறோர் அதிகாரம். முன்னது அணியிற் சேர்ப்பது. பின்னது களத்தில் இறக்குவது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறியாமையாலேயே பயிற்றுநர் மீது பழியும், பிள்ளைகள் மனத்திற் கசப்பும் உண்டாகின்றன.

அமெரிக்காவில் வாழும் என் பெறாமகன் ஒருமுறை தொலைபேசியில் அந்நாட்டு உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கூறினான். பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைப் பெரும்பாலும் கையாலேயே ஆளுகிறார்கள். பத்து யார் முன்னேறுவதற்கு நான்கு முயற்சிகள் தரப்படுமாம். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியின் மனிதச் சுவரைப் பிளந்து ஓடுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். ஒரே ஆள் எல்லா அடியையும் தாங்க இயலாது என்பதால், பல அணிகளில் இருவரோ மூவரோ அப்பணியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இடைவெளி கிடைத்தாற் பறக்கும் ஒருவன். கடைசி ஓரிரு யார் தூரத்தை உடல்வலிமையால் இடித்துக் கடக்கும் ஒருவன். எறியப்படும் பந்தைப் பிடிக்கவும், பந்தெறியும் தலைவனைத் தாக்க வருவோரைத் தடுக்கவும் வல்ல ஒருவன். எவ்வளவு விரைவாக ஓடினாலும் பந்தை நழுவவிடுகிறவனைப் பயிற்றுநர் நம்புவதில்லையாம். கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. ஆட்டம் வேறு, நாடு வேறு. ஆனால் அந்தப் பயிற்றுநரின் தலைவலியும் என் தலைவலியும் ஒன்றே!

எங்கள் உதைபந்தாட்டத்தில் முற்காலத்தில் இத்தலைவலி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். இறங்கிய பதினொருவரே இறுதிவரை ஆட வேண்டும். உலகக் கிண்ணப் போட்டியில் மாற்று ஆட்டக்காரரை இறக்க 1970 ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக இடமளிக்கப்பட்டது. இன்றோ பெரும்போட்டிகளில் ஐவரை மாற்றலாம். வாய்ப்புப் பெருகப் பெருகப் பயிற்றுநரின் பொறுப்பும் பெருகுகிறது.

தெரிவு என்னும் கலைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூற வேண்டுமாயின், நான் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீமையே கூறுவேன். அவரும் என்னைப் போலப் பள்ளி ஆசிரியராயிருந்தவர் என்பதில் எனக்கொரு சிறு பெருமை. 1962 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவுக்கு இந்திய அணியை அவர் அழைத்துச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. அடுத்துத் தாய்லாந்துடன் ஆடும்போது, காவல் வரிசையின் தூணாகிய ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்து தையல் போடவேண்டியதாயிற்று. காயம்பட்ட தலையோடு காவல்வரிசையில் அவரை நிறுத்துவது எளிதன்று. வேறொருவராயின் அவரை இருத்தியிருப்பார். ரஹீமோ அவரை முன்வரிசையின் நடுவில் இறக்கினார். ஜர்னெயில் சிங் இளமையில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரையிறுதியிலும் அவர் கோல் அடித்தார். அதே தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்திலும் அடித்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா பொற்பதக்கம் பெற்றது. அப்போதே நோயுற்றிருந்த ரஹீம் மறுவருடம் காலமானார். தம் பிள்ளைகளின் இன்றைய ஆட்டத்தை மாத்திரமன்றி, அவர்கள் கடந்துவந்த வழியையும் அறிந்து வைத்திருந்த ஆசிரியர் அவர்.

ஆனால் தெரிவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1966 இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றதைப் பலர் அறிவர். அவ்வணியின் புகழ்பெற்ற கோல் வீரர் ஜிம்மி கிறீவ்ஸ். தம் நாட்டுக்காக ஆடிய 57 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தவர். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் காலிற் காயம் ஏற்பட்டது. அவரிடத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் இறங்கினார். ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக ஒரே கோலை அடித்து அணியைக் காத்தார். இறுதியாட்டத்துக்குள் கிறீவ்ஸ் குணமடைந்துவிட்டார். பயிற்றுநர் அல்ஃப் ராம்சே யாரை இறக்குவது? அவர் ஹேர்ஸ்டையே இறக்கினார். ஹேர்ஸ்ட் மூன்று கோல்கள் அடித்தார். இங்கிலாந்து நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் மேற்கு ஜேர்மனியை வென்றது. தெரிவு சரியானதென்று உலகம் ஒப்புக்கொண்டது. அக்காலத்தில் இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவருக்கு மட்டுமே பதக்கம். எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பதக்கம் வழங்கத் தீர்மானித்து, அதனைக் கிறீவ்ஸின் கையிற் கொடுத்தது 2009 ஆம் ஆண்டில். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! சரியான தெரிவும்கூட ஒரு மனிதனை அவ்வளவு காலம் காத்திருக்க வைக்கக்கூடும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அது ஓர் ஆடி மாதம். சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். சோளகம் மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாணயச் சுழற்சியில் நாங்கள் தோற்றோம். முற்பாதியில் காற்றுக்கு எதிராக ஆடவேண்டியதாயிற்று. என் திட்டம் தெளிவாக இருந்தது. முற்பாதியில் நிதானி, இடைவேளைக்குப் பின் காற்று நம் பக்கமாகும்போது ஓட்டக்காரன். அத்திட்டத்தில் ஒரு குறையுமில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அதனை நான் என் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். பெயர்களை வாசித்தேன், ஓட்டக்காரன் பெயர் அதில் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

முற்பாதி முடியும் தறுவாயில், நிதானி எதிராளியை முதுகில் தாங்கியபடியே பந்தை வாங்கித் திரும்பி, தரையோடு உதைத்தான். கோல்! திடல் அதிர்ந்தது.

பிற்பாதி தொடங்கியது. காற்று எங்கள் முதுகில். ஓட்டக்காரன் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டோரமாக மெல்ல ஓடி உடலைச் சூடாக்கினான். அது அவனுடைய நேரம். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயினும் நான் தயங்கினேன். ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம். இப்போது கோல் அடித்தவனை வெளியே எடுத்து, பின்னர் தோற்றுப்போனால் ஊர் என்ன சொல்லும்? இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்றேன். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். எதிரணி எங்கள் கோல்வாயிலை முற்றுகையிட்டது. எங்கள் கோல் காப்பாளர் இரண்டு முறை பாய்ந்து காத்தார். கடைசியில் மத்தியஸ்தரின் ஊதல் ஒலித்தது. வென்றுவிட்டோம். ஓட்டக்காரனின் சப்பாத்தில் ஒரு மணிமண்கூட ஒட்டியிருக்கவில்லை.

பையன்கள் என்னைத் தூக்கி ஆரவாரித்தார்கள். கூட்டம் கலைந்தபோது அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். அரைநாட் கூலியை விட்டுவிட்டு மகனின் ஆட்டம் பார்க்க வந்தவர். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "மாஸ்டர், பிள்ளை காலமையிலிருந்து ஒண்டும் தின்னேல்லை. ஓடேக்கை வயிறு பாரமாயிருக்கும் எண்டவன்" என்றார். பிறகு முந்தானையால் முகத்து மணலைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. இரண்டு முறை ஆளனுப்பினேன். நானே அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வெற்றிக் கிண்ணம் பாடசாலை அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சில மாதங்களில் அவன் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டதாக அறிந்தேன். தோல்வியுற்றிருந்தால் என் பிழையை ஊரே எடுத்துக் காட்டியிருக்கும். வெற்றி அதனை மூடிவிட்டது.

இவையெல்லாம் சிவராத்திரி வரிசையில், கையில் தீர்த்தச் செம்புடன் நின்றபோது என் நினைவில் ஓடின. காற்றைக் காரணம் காட்டி விடை சொல்லியிருக்கலாம். பாதிக்கு அது உண்மையும் ஆகும். ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு பாதி உண்மை பேச மனம் ஒப்பவில்லை.

"முற்பாதியிலை காற்றுக்காக உன்னை இருத்தினேன், தம்பி. பிற்பாதியிலை என்ரை பயத்தாலை இருத்தினேன். அது உன்ரை நேரம்தான். நான்தான் துணியேல்லை" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. செம்பில் இருந்த நீரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அப்பிடியெண்டா என்ரை கால் பிழையில்லை" என்றான். "இவ்வளவு வருஷமும் நான் உதவாத ஆள் எண்டுதான் நீங்கள் நினைச்சியள் எண்டு நினைச்சிருந்தன், சேர்."

வரிசை நகர்ந்தது. இருவரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்று தீர்த்தத்தை வார்த்தோம்.

ஒரு பயிற்றுநர் யாரை இறக்கினாலும் ஒருவனை இருத்தியே ஆகவேண்டும். அதில் தவறில்லை. இருத்தப்பட்டவன் காரணம் அறியாவிட்டால், தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வான். இளம் உள்ளம் கற்பித்துக்கொள்ளும் காரணம் எப்போதும் தன்னையே குறைகூறுவதாக இருக்கும். ஒரு நிமிடப் பேச்சினால் தீர்ந்திருக்கக்கூடியதை ஒருவன் ஆண்டுக்கணக்காகச் சுமந்து திரிந்திருக்கிறான். இது திடலுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஒரு பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பி, மற்றப் பிள்ளையை வீட்டு வேலைக்கு மறிக்கும் பெற்றோருக்கும், நாடக மேடையில் ஒருவனுக்கு அரசவேடமும் மற்றவனுக்குக் காவலாளி வேடமும் கொடுக்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். தெரிவு செய்யும் உரிமை பெரியோர்க்கு உண்டு. அதன் காரணத்தைக் கேட்கும் உரிமை சிறியோர்க்கும் உண்டு.

அவன் இப்போது பாரவூர்தி ஓட்டுகிறான். மாலையில் தன் மனைவியின் ஊரிற் சிறு பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறான். அடுத்து வந்த சனிக்கிழமை என்னை அழைத்துச் சென்றான். அன்று ஓர் ஆட்டம் இருந்தது. பதினொருவரின் பெயரையும் வாசித்து முடித்தபின், அவன் களத்துக்குப் போகவில்லை. இருத்தப்பட்ட நான்கு பிள்ளைகளின் முன்னே மணலிற் குந்தியிருந்து, ஒவ்வொருவனிடமும் தனித்தனியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சிறுவன் அப்போதும் அழுதான். காரணம் சொன்னால் வருத்தம் முற்றாக நீங்கிவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் திங்கட்கிழமைப் பயிற்சிக்கு எல்லோருக்கும் முந்தி வந்து நின்றவன் அந்தச் சிறுவன்தானாம்.